எல்லாத் தீர்வுகளும் வந்துவிட்டனவா? முரண்டு பிடிக்கும் சமன்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் வட்டாரத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவர்களும், ஒலிம்பியாட், ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தெரியாத எண்களை இங்கே ப, ம என்று எழுதியிருக்கிறோம்; உங்கள் நோட்டில் வழக்கம்போல எக்ஸ், ஒய் என்றே போடுங்கள். ^ என்பது அடுக்கைக் குறிக்கும். வேறு மாதிரி சொல்லாதவரை எல்லாமே மெய்யெண்கள்.

விடையைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. அதற்குப் பிறகும் எதை நிரூபிக்கச் சொல்கிறார்கள்?

"எல்லாத் தீர்வுகளையும் காண்க" என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய எண்கள் சமன்பாட்டை நிறைவு செய்கின்றனவா என்பது ஒன்று. அவற்றைத் தவிர வேறு எந்த எண்ணும் நிறைவு செய்யாது என்பது இன்னொன்று. போட்டுப் பார்ப்பது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். மதிப்பெண் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது, பறிபோவதும் அங்கேதான்.

கீழே வரும் உதாரணங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம். இந்தப் படியில் ஒரு தீர்வு புதிதாக நுழைந்திருக்க முடியுமா? இந்தப் படியில் ஒரு தீர்வு நழுவியிருக்க முடியுமா? வரவு செலவு மாதிரி ஒவ்வொரு வரிக்கும் இதை எழுதி வந்தால் நிரூபணம் தனியாக வேண்டியதில்லை.

√(7 − √(7 + ப)) = ப. இதில் 2 என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. ஒரே தீர்வு அதுதான் என்று சுருக்கமாகக் காட்ட வழி உண்டா?

உண்டு, ஒரே வரியில். ப கூடக் கூட 7 + ப கூடும், அதன் வர்க்கமூலமும் கூடும். அதை 7-இலிருந்து கழிப்பதால் மீதி குறையும், மீதியின் வர்க்கமூலமும் குறையும். ஆக இடப்பக்கம் முழுக்க இறங்கும் சார்பு. வலப்பக்கம் ப, ஏறும் சார்பு. இறங்குவதும் ஏறுவதும் ஒரு முறைக்கு மேல் சமமாக முடியாது. அந்த ஒரு முறை ப = 2: √(7 − √9) = √4 = 2. முடிந்தது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து ஏறும் பஸ்ஸும் மேலிருந்து இறங்கும் பஸ்ஸும் வளைவுக்கு வளைவு ஒன்றை ஒன்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை ஒன்று கடப்பது ஒரே ஒரு இடத்தில்தான். இரண்டும் திரும்பாமல் தன் திசையிலேயே போகின்றன என்பதுதான் இதற்கு ஆதாரம். அதனால் "இறங்கும் சார்பு" என்று எழுதும்போது அது சார்பகம் முழுவதற்கும் உண்மையா என்று பாருங்கள். இங்கே உள்ளே இருக்கும் வர்க்கமூலத்துக்கு ப ≥ −7 வேண்டும். வெளியே இருப்பதற்கு √(7 + ப) ≤ 7, அதாவது ப ≤ 42 வேண்டும். −7 முதல் 42 வரை இடையில் உடையாத ஒரே இடைவெளி. அதனால் வாதம் நிற்கிறது. சார்பகம் இரண்டு துண்டாக இருந்து, துண்டுக்குள் மட்டும் சார்பு இறங்கினால், துண்டுக்கு ஒரு தீர்வு வீதம் இரண்டு வர வாய்ப்பிருக்கிறது. இதைக் கவனிக்காமல் "ஒரே தீர்வு" என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிற தவறு.

2 என்று ஊகிக்க வரவில்லை என்றால்? வர்க்கப்படுத்தினால் நாலாம் படிச் சமன்பாடு வந்து நிற்கிறதே.

இரண்டு முறை வர்க்கப்படுத்தினால் (7 − ப²)² = 7 + ப. விரித்தால் ப⁴ − 14ப² − ப + 42 = 0. இதற்கு ஒரு அழகான தந்திரம் உண்டு: ப-வைத் தெரிந்த எண்ணாகவும் 7-ஐத் தெரியாத எண்ணாகவும் வைத்துப் பாருங்கள். 7 இருக்கும் இடத்தில் அ என்று எழுதினால்,

அ² − (2ப² + 1)அ + (ப⁴ − ப) = 0

இது அ-வில் இருபடிச் சமன்பாடு. அதன் தன்மைகாட்டி (2ப² + 1)² − 4(ப⁴ − ப) = 4ப² + 4ப + 1 = (2ப + 1)². முழு வர்க்கம்! ஆகவே அ = ப² + ப + 1 அல்லது அ = ப² − ப. அ-வை மறுபடி 7 ஆக்கினால் ப² + ப − 6 = 0 அல்லது ப² − ப − 7 = 0. நான்கு மூலங்கள்: 2, −3, (1 + √29)/2, (1 − √29)/2. தசமத்தில் கடைசி இரண்டும் ஏறத்தாழ 3.193, −2.193.

தன்மைகாட்டி முழு வர்க்கமாக வந்தது தற்செயல் அல்ல. ஒரே செயல் இரண்டு முறை அடுக்கப்பட்டிருக்கும் சமன்பாடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஒரே எண் இரண்டு இடத்தில் வருகிறது என்று கண்ணில் பட்டால் இந்த வழியை ஒரு முறை முயன்று பார்ப்பது நல்லது.

நான்கில் மூன்று போலி என்கிறீர்கள். அவை எங்கிருந்து வந்தன?

வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோகிறது. 3-ஐயும் −3-ஐயும் வர்க்கப்படுத்தினால் 9. பிறகு எது வந்தது என்று 9-க்குத் தெரியாது. இரண்டு முறை வர்க்கப்படுத்தியதால் இரண்டு குறிகள் அழிந்தன. ஆக, நாலாம் படிச் சமன்பாடு உண்மையில் நான்கு வேறு சமன்பாடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது:

√(7 − √(7 + ப)) = ப, இதன் தீர்வு 2.
√(7 + √(7 + ப)) = ப, இதன் தீர்வு (1 + √29)/2.
−√(7 − √(7 + ப)) = ப, இதன் தீர்வு (1 − √29)/2.
−√(7 + √(7 + ப)) = ப, இதன் தீர்வு −3.

ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒன்று. "போலி மூலம்" என்று நாம் சொல்வது எங்கிருந்தோ முளைத்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டு விலாசத்துக்கு வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

விடைத்தாளில் இவற்றைத் தள்ளும்போது தசமம் போட்டுத் தள்ளாதீர்கள். வலப்பக்கம் ஒரு வர்க்கமூலத்துக்குச் சமம் என்பதால் ப ≥ 0. −3-உம் (1 − √29)/2-உம் போய்விட்டன. 7 − ப² ஒரு வர்க்கமூலத்துக்குச் சமம் என்பதால் ப² ≤ 7; ஆனால் (1 + √29)/2 என்ற மூலத்துக்கு ப² = ப + 7, இது 7-ஐ விடப் பெரியது. அதுவும் போயிற்று. 0 ≤ ப ≤ √7 என்ற நிபந்தனையை முதல் வரியிலேயே எழுதிவிட்டால், அதற்குள் ஒவ்வொரு வர்க்கப்படுத்தலும் இரு திசையிலும் செல்லும். பிறகு போட்டுப் பார்ப்பதுகூடக் கட்டாயமில்லை. இருந்தாலும் பாருங்கள், கூட்டல் பிழை யாரையும் விடாது.

எந்தெந்தப் படிகளில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

வர்க்கப்படுத்தினால் தீர்வு கூடும். தெரியாத எண் உள்ள கோவையால் இரு பக்கமும் பெருக்கினாலும் கூடும், ஏனென்றால் அந்தக் கோவை பூச்சியமாகும் இடம் புதிதாக நுழைகிறது. கூடுவது பெரிய ஆபத்தில்லை. கடைசியில் சரிபார்த்தால் சிக்கிவிடும். குறைவதுதான் ஆபத்து. தெரியாத கோவையால் வகுத்தால் தீர்வு நழுவும். ப³ = 4ப என்பதை ப-வால் வகுத்து ±2 என்று எழுதுகிறவர் 0-வைத் தொலைத்துவிட்டார், சரிபார்ப்பு எவ்வளவு செய்தாலும் அது திரும்பி வராது. வகுக்காமல் ப(ப² − 4) = 0 என்று காரணிப்படுத்துங்கள். √(ப²) = ப என்று எழுதுவதும் இதே வகை இழப்பு; அது |ப|. மடக்கை எடுப்பதும் அப்படியே, அதன் சேதத்தை அடுத்த கணக்கில் பார்க்கலாம்.

(ப² − 9ப + 19)^(ப² − 4ப − 12) = 1. அடுக்கைப் பூச்சியமாக்கினேன், அடிமானத்தை 1 ஆக்கினேன். இன்னும் ஒரு தீர்வு விட்டுப்போனது என்கிறார்கள். எது?

4. பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அடுக்கு 0 ஆவது: ப² − 4ப − 12 = (ப − 6)(ப + 2), ஆக ப = 6, −2. அடிமானம் 1 ஆவது: ப² − 9ப + 18 = (ப − 3)(ப − 6), ஆக ப = 3, 6. மூன்றாவது வாய்ப்பு, அடிமானம் −1 ஆகி அடுக்கு இரட்டை எண்ணாவது. ப² − 9ப + 20 = (ப − 4)(ப − 5), ஆக ப = 4 அல்லது 5. ப = 4 எனில் அடுக்கு 16 − 16 − 12 = −12, இரட்டை; (−1)^(−12) = 1. சரி. ப = 5 எனில் அடுக்கு 25 − 20 − 12 = −7, ஒற்றை; மதிப்பு −1. தள்ள வேண்டும்.

தீர்வுகள் −2, 3, 4, 6. இதில் 6 இரண்டு வழியிலும் வந்தது. கூட்டுத்தொகை கேட்டால் அதை ஒரு முறைதான் எண்ண வேண்டும். விடை 11, 17 அல்ல.

இந்த மூன்று வாய்ப்புகளுக்கு மேல் நாலாவது கிடையாது என்பதற்கு என்ன ஆதாரம்?

இதுதான் அந்தக் கணக்கின் உண்மையான பாதி. அடிமானத்தை அ என்றும் அடுக்கை ஆ என்றும் வைப்போம். அ மிகை எனில் மடக்கை எடுக்கலாம்: ஆ × மடக்கை அ = 0, ஆகவே ஆ = 0 அல்லது அ = 1. அ குறை எண் எனில், அ^ஆ என்பதற்கு மெய் மதிப்பு இருக்கும் இடத்திலெல்லாம் அதன் மட்டு மதிப்பு |அ|^ஆ. அது 1 ஆக வேண்டுமானால் மறுபடி ஆ = 0 அல்லது |அ| = 1; அ குறை என்பதால் அ = −1. குறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு உண்டா இல்லையா என்று புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்லவேளையாக இங்கே அந்தச் சண்டைக்குள் போக வேண்டியதே இல்லை: அடிமானம் −1 ஆவது ப = 4, 5 என்ற இரண்டு இடத்தில்தான், இரண்டிலும் அடுக்கு முழு.

அ = 0 மீதமிருக்கிறது. பூச்சியத்தின் மிகை அடுக்கு பூச்சியம், குறை அடுக்குக்கு மதிப்பே இல்லை. பூச்சியத்தின் பூச்சிய அடுக்கு மட்டும் சர்ச்சைக்குரியது. அடிமானம் பூச்சியமாவது ப = (9 ± √5)/2 என்ற இடங்களில்; அடுக்கு பூச்சியமாவது 6, −2-இல். இரண்டும் ஒன்றுசேரவில்லை, சர்ச்சை எழவில்லை. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் கறாரான திருத்துநர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைத்தால் அது நியாயம்தான்.

நேரடியாக இரு பக்கமும் மடக்கை எடுத்தால் என்ன ஆகும்? வரைபடம் போட்டாலும் 4 தெரியவில்லையே?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. (9 − √5)/2 முதல் (9 + √5)/2 வரை, அதாவது சுமார் 3.38 முதல் 5.62 வரை அடிமானம் குறை எண். குறை எண்ணுக்கு மெய் மடக்கை கிடையாது. மடக்கை எடுத்த கணமே அந்த இடைவெளி முழுவதும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது, கூடவே 4-உம். ஜியோஜீப்ரா போன்ற வரைபடச் செயலிகளிலும் அந்த இடைவெளியில் கோடு வராது. 4-இல் இருப்பது தனித்த ஒற்றைப் புள்ளி. வரைபடம் ஊகிக்க உதவும். "இதற்கு மேல் இல்லை" என்று சாட்சி சொல்ல அதை அழைக்காதீர்கள்.

இதே அமைப்பில் 2016 ஜேஇஇ மெயின் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: (ப² − 5ப + 5)^(ப² + 4ப − 60) = 1 என்பதன் மெய்த் தீர்வுகளின் கூட்டுத்தொகை என்ன? விடை 3. உங்களுக்கு 1 வந்தால் அடிமானம் −1 என்பதை மறந்திருக்கிறீர்கள். 6 வந்தால் அதை நினைத்தீர்கள், ஒற்றை இரட்டையைச் சோதிக்கவில்லை.

முழு எண் தீர்வுகள் மட்டும் கேட்டால் அணுகுமுறை மாறுமா?

முற்றிலும் மாறும். மெய்யெண்களில் முடிவில்லாத தீர்வுகள் இருக்கும் சமன்பாடு, முழுக்களில் விரல்விட்டு எண்ணும்படி சுருங்கிவிடும். காரணம் வகுபடும் தன்மை.

செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டரை இரண்டு பேர் சேர்ந்து செய்தால் 20 நாள். தனித்தனியாகச் செய்தால் ஒருவருக்கு ப நாள், மற்றவருக்கு ம நாள். இரண்டும் மிகை முழுக்கள். எத்தனை வாய்ப்புகள்?

1/ப + 1/ம = 1/20. குறுக்கே பெருக்கினால் பம − 20ப − 20ம = 0. இரு பக்கமும் 400 கூட்டினால் (ப − 20)(ம − 20) = 400. இந்த 400-ஐக் கூட்டும் படிதான் கணக்கின் சாவி. கூட்டியதும் இடப்பக்கம் காரணியாக உடைகிறது. 400 = 2⁴ × 5², வகுத்திகள் 5 × 3 = 15. வரிசையைக் கணக்கில் எடுத்தால் 15 சோடிகள். யார் முதல், யார் இரண்டாவது என்று பார்க்காவிட்டால் 8: (21, 420), (22, 220), (24, 120), (25, 100), (28, 70), (30, 60), (36, 45), (40, 40).

இங்கே எழுதாமல் விடப்படும் வரி இது: இரண்டு காரணிகளும் குறை எண்களாக இருந்தால்? 400 = (−10) × (−40) என்றும் உடைக்கலாமே! ப, ம இரண்டும் மிகை என்றால் ப − 20, ம − 20 இரண்டும் −20-ஐ விடப் பெரியவை. இரண்டும் குறையாகவும் இருந்தால் அவற்றின் மட்டு மதிப்பு 20-க்குக் கீழே, பெருக்கல் 400-க்குக் கீழே. ஆகவே நடக்காது.

கேள்வியை மாற்றி, மிகை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு எல்லா முழுக்களிலும் கேட்டால் குறைக் காரணிகளும் உள்ளே வரும். 15 + 15 = 30 என்று எழுதிவிடாதீர்கள். (−20) × (−20) என்பது ப = ம = 0 தருகிறது; ஆரம்பச் சமன்பாட்டில் 0-ஆல் வகுக்க முடியாது. விடை 29. பம-வால் பெருக்கிய படியில் நுழைந்த ஆள் அது.

2^ப = ப². 2, 4 இரண்டும் கிடைத்துவிட்டன. வேறு உண்டா?

ஒன்று உண்டு, குறை எண் பக்கத்தில். ப < 0 எனில் 2^ப ஏறும் சார்பு, ப² இறங்கும் சார்பு. மறுபடியும் அதே மலைப்பாதை பஸ்கள். ப = −1-இல் 0.5-உம் 1-உம்; ப = −0.5-இல் ஏறத்தாழ 0.707-உம் 0.25-உம். பெரியது சிறியதாக மாறிவிட்டது, சார்புகள் தொடர்ச்சியானவை, ஆகவே நடுவில் சரியாக ஒரு தீர்வு. மதிப்பு ஏறத்தாழ −0.7667.

மிகைப் பக்கத்தில் இரண்டுமே ஏறும் சார்புகள், பஸ் வாதம் செல்லாது. இயல் மடக்கை எடுப்போம். இங்கே இரு பக்கமும் மிகை, இழப்பில்லை. ப × மடக்கை 2 − 2 × மடக்கை ப என்ற சார்பின் வகைக்கெழு மடக்கை 2 − 2/ப. இது 2/0.6931, அதாவது 2.885 சுமாருக்கு முன்னால் குறை, பின்னால் மிகை. சார்பு இறங்கிப் பிறகு ஏறுகிறது. ஒவ்வொரு பாதியிலும் அதிகபட்சம் ஒரு பூச்சியம். 2 முதல் பாதியில், 4 இரண்டாம் பாதியில். இடம் நிரம்பிவிட்டது. ப = 0 தீர்வல்ல, 1 ≠ 0.

அந்த −0.7667-ஐப் பின்னமாக எழுத முடியுமா?

முடியாது. ப = −த/ந என்று சுருங்கிய பின்னமாக இருப்பதாகக் கொள்வோம். 2^(−த/ந) = த²/ந². இரு பக்கமும் ந அடுக்குக்கு உயர்த்தி மாற்றி எழுதினால் ந^(2ந) = 2^த × த^(2ந). த-வை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் ந-வையும் வகுக்க வேண்டும்; பின்னம் சுருங்கியது என்பதால் அப்படிப் பகா எண் எதுவும் இல்லை, த = 1. இப்போது ந^(2ந) = 2. இடப்பக்கம் முழு வர்க்கம், 2 முழு வர்க்கம் அல்ல. முரண்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1934-இல் கெல்ஃபாண்டும் ஷ்னைடரும் தனித்தனியே நிரூபித்த தேற்றத்தின்படி, ப ஒரு விகிதமுறா எண்ணாகவும் முழு எண் கெழுக்கள் கொண்ட ஏதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையின் மூலமாகவும் இருந்தால், 2^ப அப்படிப்பட்ட மூலமாக இருக்க முடியாது. ஆனால் 2^ப = ப², ப² அப்படிப்பட்ட மூலம்தான். ஆகவே இந்த எண் எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் பிடிபடாது. வர்க்கமூலம், கனமூலம் எதை வைத்தும் இதைத் துல்லியமாக எழுத முயல வேண்டாம்.

விகிதமுறு மூலங்களைத் தேட வேகமான வழி என்ன?

முதல் கெழு 1, மற்ற கெழுக்களும் முழுக்கள் எனில் விகிதமுறு மூலம் எதுவானாலும் அது கடைசி உறுப்பை வகுக்கும் முழு. ப⁴ − 14ப² − ப + 42-க்கு 42-இன் வகுத்திகள் 1, 2, 3, 6, 7, 14, 21, 42; இரு குறிகளோடு 16 எண்கள். தொகுமுறை வகுத்தலில் சிறியவற்றிலிருந்து தொடங்குங்கள். 2 கிடைத்ததும் மீதியை வகுத்துவிட்டுத் தொடர்ந்தால் வேலை குறையும். ப³ உறுப்பு இல்லை என்றால் அந்த இடத்தில் 0 போட மறக்காதீர்கள். பட்டியல் முழுவதும் தோற்றால் "விகிதமுறு மூலம் இல்லை" என்றுதான் பொருள். மூலமே இல்லை என்று பொருளல்ல.

'சேலம் எண்' என்று ஒன்று உண்டாமே, நம் ஊர்ப் பெயரா?

ஆசைதான், ஆனால் இல்லை. 1898-இல் சலோனிகாவில் பிறந்த ரஃபேல் சலேம் என்ற கணித மேதையின் பெயர் அது. ஆனாலும் சங்கதி இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமானது, பன்னிரண்டாம் வகுப்புத் தலைகீழ் சமன்பாட்டிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

ப⁴ − ப³ − ப² − ப + 1 = 0. கெழுக்கள் முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றே. ப = 0 மூலமல்ல (மதிப்பு 1), ஆகவே ப²-ஆல் வகுப்பதில் இழப்பில்லை. ப + 1/ப = ட என்று வைத்தால் ட² − ட − 3 = 0, ட = (1 ± √13)/2. முதல் மதிப்பு ஏறத்தாழ 2.303, 2-ஐ விடப் பெரியது. அது தரும் மெய் மூலங்கள் 1.722, 0.581 சுமார். இரண்டாவது ஏறத்தாழ −1.303; மட்டு மதிப்பு 2-க்குக் கீழே இருப்பதால் மெய் மூலம் இல்லை, கலப்பெண் மூலங்கள் இரண்டும் அலகு வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மூலம் 1-க்கு வெளியே, அதன் தலைகீழ் உள்ளே, மற்றவை எல்லாம் வட்டத்தின் மேல்: இப்படி அமைந்தால் அந்த வெளி மூலம் சேலம் எண். தெரிந்தவற்றில் மிகச் சிறியது 1.17628 சுமார், 1933-இல் லேமர் தந்த பத்தாம் படிக் கோவையின் மூலம். அதைவிடச் சிறியது உண்டா இல்லையா என்பது இன்றுவரை தீரவில்லை. தீர்வைக் கண்டுவிட்டோம், "இதற்குக் கீழே இல்லை" என்ற பாதி பாக்கி.

கண்டுபிடிப்பதற்கும் நிரூபிப்பதற்கும் அவ்வளவு தூரம் இருக்குமா?

35 ஆண்டுத் தூரம் இருந்ததுண்டு. ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1913-இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்: 2^ப − 7 முழு வர்க்கமாவது ப = 3, 4, 5, 7, 15 ஆகியவற்றில்; வேறு உண்டா? வர்க்கங்கள் முறையே 1, 9, 25, 121, 32761. கடைசியது 181-இன் வர்க்கம். வேறு இல்லை என்ற நிரூபணத்தை நார்வேயின் நாகெல் 1948-இல் வெளியிட்டார்.

இதில் பாதியை நீங்களே முடிக்கலாம். ப இரட்டை, ப = 2க என்க; 2^ப − ம² = 7 என்பது (2^க − ம)(2^க + ம) = 7 ஆகிறது. 7 பகா எண், காரணிகள் 1, 7 மட்டும். கூட்டினால் 2 × 2^க = 8, க = 2, ப = 4, ம = 3. இரட்டை அடுக்கில் இது ஒன்றுதான். ஒற்றை அடுக்கில் இப்படிச் சாதாரண முழுக்களில் உடையாது. √(−7)-ஐயும் சேர்த்துக்கொண்ட எண்களில் காரணிப்படுத்த வேண்டும். அந்தப் பாதிதான் அத்தனை காலம் காத்திருக்க வைத்தது.

தேர்வில் எவ்வளவு எழுத வேண்டும்?

இந்தியக் கணித ஒலிம்பியாடின் முதல் சுற்றான ஐஓக்யூஎம் தாளில் விடை எண்ணை மட்டும் குறிக்கிறீர்கள். அங்கே நிரூபணம் உங்கள் மனத்திருப்திக்கு. ஆனாலும் எண்ணிக்கை கேட்கும் கணக்குகளில் நழுவிய ஒரு தீர்வு மொத்த மதிப்பெண்ணையும் கொண்டுபோகும். அடுத்த சுற்றான ஆர்எம்ஓ தாளில் முழு வாதமும் வேண்டும். முதல் வரியில் சார்பகம். பிறகு ஒவ்வொரு படிக்கும் ⇒ அல்லது ⇔, யோசித்துப் போட்டது. வகுத்த இடத்தில் "பூச்சியமல்ல, ஏனெனில்" என்று காரணம். கடைசியில் கிடைத்த எண்களை ஆரம்பச் சமன்பாட்டில் போட்ட வரி. நடுவில் வந்த சமன்பாட்டில் அல்ல. ⇔ குறியை அழகுக்காகப் போடுவது, போடாமல் விடுவதைவிட மோசம்.

பழக இரண்டு மூன்று கணக்குகள்?

√(13 − √(13 + ப)) = ப: விடை 3 மட்டும். 1/ப + 1/ம = 1/15, மிகை முழுக்களில்: வரிசையோடு 9 சோடிகள்; எல்லா முழுக்களிலும் 17. 3^ப = ப³: மெய்த் தீர்வுகள் இரண்டு, 3-உம் ஏறத்தாழ 2.478-உம். 2^ப = ப²-இல் குறைப் பக்கம் ஒன்று கிடைத்ததே, இங்கே ஏன் கிடைக்கவில்லை என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்.